தூங்கானை மாடம்

மணிமங்கலத்துக்கு என்னைப் பார்க்க வருகிற சிநேகிதர்கள் காப்பி சாப்பிட்ட கையோடு கேட்கிற முதல் கேள்வி, "யுத்தம் நடந்த இடம் எது?" என்பதுதான். பல்லவ நரசிம்மவர்மன் சளுக்கியப் புலிகேசியை முறியடித்த ஊர்களில் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. போதாக்குறைக்குக் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வேறு இந்த ஊர்ப் பெயரைத் தமிழ் படிக்கிறவர்கள் அத்தனை பேர் வாயிலும் போட்டு வைத்துவிட்டது. நான் ஏரிப் பக்கமாகக் கையை நீட்டி, "அங்கேதான் எங்கேயோ" என்று சொல்லிவிடுவேன். அவர்களும் திருப்தியோடு தலையை ஆட்டுவார்கள். ஏழாம் நூற்றாண்டில் எப்படியோ, இன்றைக்கு இங்கே ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை ஒரகடம் போகிற கன்டெய்னர் லாரிகளும், அங்கிருந்து திரும்புகிற ஷிப்ட் பஸ்களுந்தான்.

பிறகு அவர்களைத் தர்மேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போவேன். அதன் விமானம் சதுரமாக எழும்பாமல் பின்பக்கம் வளைந்து போகும். யானை ஒன்று படுத்துத் தூங்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி. வடமொழியில் கஜபிருஷ்டம் என்கிறார்கள். தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். பெயர் வைத்தவன் நல்ல ரசிகன்.

மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கோஷ்டியோடு போனபோது என் அக்காள் மகளும் கூட வந்திருந்தாள். ஒரகடத்தில் மோட்டார் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஒல்லியான பெண், வாய் மட்டும் ஒல்லியில்லை. விமானத்தைச் சுற்றி வந்தாள். முன்னால் நடந்து கொண்டிருந்த என் முதுகைப் பார்த்தாள். "ஏன் மாமா, உங்களுக்கும் இதே ஸ்தபதிதானா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோதுதான் சிரிப்பு வரவில்லை.

நான் இந்த ஊருக்குக் குடி வந்தபோது என் எடை 58 கிலோ. அந்த ராத்திரி 74. சாப்பாட்டில் நான் பெரிய வீரன் அல்ல என்று என் அக்காளே சாட்சி சொல்வாள். பின்னே, இந்தப் பதினாறு கிலோ எந்த வழியாக வந்தது? படுக்கப் போகும்போது வழக்கம்போல் மேஜை டிராயரைத் திறந்தேன். மாத்திரை அட்டை கையில் தட்டுப்பட்டது. அன்றைக்குத்தான் அதைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

எனக்கு மூக்கு வியாதி. காலையில் எழுந்தால் முப்பது தும்மல், நாற்பது தும்மல். லாரிப் புழுதியா, ஏரியோரத்துப் புல்லா, என் பழைய புஸ்தகங்களின் தூசியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாவல் எழுதுகிறவனுக்குத் தும்மல் பொல்லாத சத்துரு. கதாநாயகி கண் கலங்குகிற கட்டத்தில் எழுதுகிறவன் கண்ணும் மூக்கும் அதற்கு முன்னாலேயே கலங்கிவிட்டால் என்ன செய்வது? ஒரு டாக்டர் எப்போதோ பத்து நாளைக்கென்று செட்டிரிசின் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே தும்மல் நின்றது. பத்து நாள் பதினோரு வருஷமாயிற்று. ராத்திரிக்கு ஒன்று வீதம் கணக்குப் போட்டால் நாலாயிரம். ஆழ்வார்கள் பாசுரத்தில் எட்டிய தொகையை நான் மாத்திரையில் எட்டியிருந்தேன்.

தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போய், "இந்த மாத்திரை சதை போடுமா?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "போடலாம், போடாமலும் இருக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு கதாபாத்திரம் இப்படிப் பதில் சொன்னால் பத்திரிகை ஆசிரியர் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போடுவார். ஆனால் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு, அவர் சொன்னதைவிட நேர்மையான பதில் இல்லை என்று தெரிந்தது.

ஹிஸ்டமின் என்ற பெயரிலேயே திசு இருக்கிறது. கிரேக்க மொழியில் ஹிஸ்டோஸ் என்றால் நெசவு; அதிலிருந்து உடம்பின் திசுவுக்கும் ஆகி வந்தது. 1910-ல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் இந்தப் பொருள் உடம்பில் என்னென்ன செய்கிறது என்று விவரித்தார்கள். 1927-ல் டேலும் அவருடைய சகாக்களும் இது நம் திசுக்களிலேயே இயல்பாக இருப்பதை நிலைநாட்டினார்கள். புழுதியோ பூந்தாதோ மூக்கில் பட்டதும் அங்கே காவலிருக்கிற அணுக்கள் இதைக் கொட்டிவிடுகின்றன. அப்புறம் தும்மலுக்கும் அரிப்புக்கும் கேட்பானேன்! 1937-ல் பாரிஸில் பாஸ்டர் ஸ்தாபனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டோப் என்ற பெண்மணியும் இதற்கு முதல் மாற்று மருந்தைக் கண்டார்கள். அது மனிதர் சாப்பிட லாயக்கில்லாத விஷமாக இருந்தாலும் வழி திறந்துவிட்டது. போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பெட்டிக்கடைப் பாக்கைப் போல் புழங்குகிற அவில் முதற்கொண்டு என் செட்டிரிசின் வரையில் எல்லாம் அந்த வம்சந்தான்.

விஷயம் மூக்கோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஹிஸ்டமினுக்கு மூளையிலும் உத்தியோகம் இருக்கிறது. மூளையின் அடிப்பாகத்தில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தின் பின்கோடியில், சுமார் 64,000 நரம்பணுக்கள் இதைச் சுரக்கின்றன. கோடானுகோடி அணுக்கள் கொண்ட மூளையில் இது ஒரு சின்னத் தெரு. ஆனால் அந்தத் தெருக்காரர்கள் பார்க்கிற வேலை பெரிது. நம்மை விழித்திருக்கச் செய்வது ஒன்று. "போதும், இலையை மடி" என்று சொல்வதில் பங்கெடுப்பது இன்னொன்று. மூக்குக்காக விழுங்கிய மாத்திரை மூளைக்குள்ளும் போனால் இந்த இரண்டு பேர் வாயையும் சேர்த்துப் பொத்துகிறது. அதனால்தான் பழைய மருந்துகள் தூக்கத்தைக் கொண்டு வருகின்றன. தூக்கம் வருவது நமக்குத் தெரிகிறது. பசி அடங்காமல் இருப்பது தெரிவதில்லை. ஒரு கரண்டி சாதம் கூடுதலாக விழுவதற்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? மூன்றாம் சாதத்துக்கு மோர் ஊற்றுகிறபோது அது மாத்திரையின் வேலை என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. கொழுப்புத் திசு என்பது நாம் நினைக்கிற மாதிரி சும்மா அடைத்து வைத்த நெய்க் குடம் அல்ல. அது லெப்டின் என்ற ஒரு சரக்கை ரத்தத்தில் விட்டு, "இங்கே கையிருப்பு போதுமானது" என்று மூளைக்குச் சீட்டு அனுப்புகிறது. அந்தச் சீட்டை வாசித்துக் காட்டுகிறவர்களில் ஹிஸ்டமினும் ஒருவர். ஜப்பானில் ஆராய்ச்சிக்காரர்கள் ஹிஸ்டமினின் சொல் ஏறாத சுண்டெலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். லெப்டினைக் கொடுத்தபோது சாதாரண எலிகளுக்குக் குறைந்த அளவு இவற்றுக்குச் சாப்பாடும் குறையவில்லை, கொழுப்பும் குறையவில்லை என்று 2001-ல் எழுதினார்கள். கொழுப்பிலும் இரண்டு ஜாதி. வெள்ளைக் கொழுப்பு சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு எரித்துச் சூடாக்கும். மூளையிலிருந்து ஹிஸ்டமின் கிளப்பிவிடுகிற நரம்புத் தூண்டுதல் அந்தப் பழுப்புக் கொழுப்பின் அடுப்பையும் ஊதிவிடுகிறதாம். ஆக, ஹிஸ்டமினை வருஷக்கணக்கில் அடக்கி வைத்தால் வரவு கூடலாம், செலவு குறையலாம். நம் வீட்டு பட்ஜெட்டில் மட்டும் இந்த அதிசயம் நடக்கவே மாட்டேன் என்கிறது!

எலி சரி, மனிதன்? 2010-ல் அமெரிக்காவில் 867 பேருடைய விவரங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியாயிற்று. டாக்டர் சீட்டின் பேரில் இவ்வகை மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட எடையும் இடுப்புச் சுற்றளவும் கூடுதல். அவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டது செட்டிரிசினும் பெக்ஸோபெனடினும். இதைப் படித்ததும் எனக்கு ஏக சந்தோஷம். குற்றவாளி அகப்பட்டான்! ஆனால் அதை எழுதியவர்களே, இது ஒரு சமயத்தில் எடுத்த படம், காரணத்தை நிரூபிக்காது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையால் பருத்தார்களா, பருத்த உடம்பில் ஒவ்வாமை கூடுதலாக வந்து மாத்திரை சாப்பிட்டார்களா? அதிலும் பெக்ஸோபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. போதாததற்கு 2009-ல் வந்த ஓர் ஆராய்ச்சி என்னை நன்றாகக் குழப்பிவிட்டது. ஹிஸ்டமினைக் கொட்டுகிற அதே காவல் அணுக்கள் கொழுப்புத் திசுவிலும் குடியிருக்கின்றன. அவற்றைக் கொட்டவிடாமல் மருந்தால் கட்டிப் போட்டால் சுண்டெலி இளைக்கிறது! மூளையில் ஹிஸ்டமின் இளைக்க வைக்கிறது; கொழுப்பில் அதே கூட்டம் பருக்க வைக்கிறதோ என்னவோ. டாக்டர் சொன்ன "போடலாம், போடாமலும் இருக்கலாம்" என்ற பதிலுக்கு மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக் கொண்டேன்.

நம்மவர்கள் விஷயத்தில் ஒரு கூடுதல் சங்கடம். 2004-ல் லான்செட் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் புகைப்படம் வந்தது: புனாவைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யூட்கின். உயரத்துக்கு எடை என்று பார்க்கிற குறியீடு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் நாட்டு வாகு. ஆகவே நம்மில் ஒல்லியாக இருப்பவர்களை ஒல்லி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இதையெல்லாம் நான் படித்தேன். படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? இங்கேதான் என் பாவக் கணக்கு ஆரம்பமாகிறது.

ஒரு நாள் இரவு அக்காள் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். அன்று மத்தியானந்தான் 1962-ல் ஓர் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வெளியான விஷயத்தைப் படித்திருந்தேன். ஆஸ்த்மாக் குழந்தைகளுக்கு சைப்ரோஹெப்டடின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குப் பசி அதிகமாகி எடை ஏறிற்று. இதுவும் அதே வம்சத்து மருந்து. ஹிஸ்டமினோடு செரொட்டோனின் என்ற இன்னொன்றையும் சேர்த்துத் தடுக்கும். அதிலிருந்து அந்த மருந்துக்கு ஜாதகமே மாறிவிட்டது. பசி எடுக்கிற மருந்து என்றே பெயர் எடுத்துவிட்டது. சாப்பிட மறுக்கிற பூனைக்குக் கூட மிருக வைத்தியர்கள் இதைக் கொடுக்கிறார்கள். நான் ரசத்தைக் கலந்து கொண்டே இதை ஒரு சுவாரஸ்யத்துக்காகச் சொன்னேன்.

அக்காள் பரிமாறுகிற கரண்டியோடு நின்றுவிட்டாள். "அந்தப் பேரை ஒரு காகிதத்திலே எழுதிக் குடு தம்பி" என்றாள்.

"எதுக்கு அக்கா?"

"எதுக்கா? மூணு இடம் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. மூணு பேரும் ஒரே வார்த்தை. பொண்ணு ஈர்க்குச்சியாட்டம் இருக்குதாம். நீ ஒரு மாமன்காரன், என்னைக்காவது யோசிச்சியா?"

பெண் அன்று இரவு ஷிப்டுக்குப் போயிருந்தாள். அவளைக் கேட்டிருந்தால் ஏதாவது குறும்பாகச் சொல்லி எங்கள் இருவர் வாயையும் அடைத்திருப்பாள். நான் மடியிலிருந்த கைப்பிரதித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளின் முன்புறத்தில் நரசிம்மவர்மன் சேனையோடு புறப்பட்டுக் கொண்டிருந்தான்.

மருந்துக் கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று புட்டியிலே அச்சடித்துத்தான் இருக்கிறது. அதை வாசிக்க என் மூக்குக் கண்ணாடி போதாது. அந்தத் தித்திப்பு மருந்து மூன்று மாதம் அந்த வீட்டு அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு கிலோ ஏறிற்று. கன்னத்தில் பூசினாற்போல் ஆயிற்று. நாலாவதாக வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் தாயார் அக்காளிடம், "மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள்" என்றார்களாம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அக்காள் எனக்குத் தனியாக ஒரு தூக்கு நிறையப் பால் பாயசம் அனுப்பி வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலம் அவள் கையில் கட்டோடு வந்தாள். வலது ஆட்காட்டி விரல். மூன்று தையல். "தகட்டு விளிம்புலே பட்டுடுச்சு மாமா. கண்ணு ஒரு செகண்டு சொருகிட்டுது. என் தப்புதான்" என்றாள். அதற்கு முன் இரண்டு தடவை ஷிப்ட் பஸ்ஸில் அயர்ந்து தூங்கி, மணிமங்கலத்தைத் தாண்டி இறங்கித் திரும்பி வந்தாளாம். ராத்திரி வேலையின் அலுப்பு என்று நினைத்துச் சொல்லவில்லையாம். பசியைத் திறந்துவிட்ட கை அதே வேளையில் விழிப்பின் கதவைச் சாத்திக் கொண்டிருந்தது. அந்தத் தெருவில் இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருக்கின்றன என்று படித்துத் தெரிந்து கொண்டவன் நான் ஒருவன்தான். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்கு வந்த மருந்து, 1962, பூனை, கைப்பிரதித் தாள், எல்லாவற்றையும். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக் கொண்டே, "அப்ப என்னைப் பார்க்க வந்தவங்க என்னைப் பார்க்கலே, உங்க மருந்தைத்தான் பார்த்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். பிறகு உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்து முற்றத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். அக்காள் குறுக்கே வரவில்லை.

நானும் வீராவேசமாக அன்றைக்கே என் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டாம் நாள் உள்ளங்கையில் ஆரம்பித்தது அரிப்பு. மூன்றாம் நாள் முதுகு, தொடை, தலை. எனக்கு வந்தது தும்மல் வியாதி. அரிப்பு என் ஜாதகத்திலேயே கிடையாது. தண்டனைதான் என்று நினைத்துக் கொண்டேன். அதற்கு விளக்கம் பிற்பாடு கிடைத்தது. செட்டிரிசினையும் அதன் தங்கை லெவோசெட்டிரிசினையும் நெடுநாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வரும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரிக்கை விட்டது. உலகம் பூராவிலும் 209 பேர் விஷயம் அவர்கள் கணக்கில் வந்திருந்தது. நான் அந்தக் கணக்கில் இல்லை; யாருக்கும் எழுதிப் போடவில்லை.

தாம்பரத்து டாக்டர் இந்தத் தடவை என்னைத் திட்டினார். "நிறுத்துவதையும் கேட்டுக்கொண்டு நிறுத்த வேண்டாமா?" என்றார். மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கச் செய்தார். மூக்குக்கு மட்டும் அடிக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்தார். ஏரிக்கரையில் தினம் முக்கால் மணி நடக்கச் சொன்னார். ஒரு வருஷத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறேன். மாத்திரை போனதால் இறங்கிற்றா, நடையால் இறங்கிற்றா என்று அவரைக் கேட்டேன். அதே பழைய பதில்!

பெண்ணும் இளைத்தாள், ஆறில் நாலு கிலோ ஒன்றரை மாதத்தில் போய்விட்டது. அக்காளுக்குக் கல்யாண நாள் நெருங்க நெருங்க வயிற்றில் புளியைக் கரைத்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்றாள் பெண். வேண்டாம் என்றாள் அக்காள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதையை அந்தக் காகிதத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் அவளே மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் செய்து, "என்னோட நிஜ எடை நாற்பத்தாறு கிலோ. பார்த்தது ஐம்பதுக்கு மேலே. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாளாம். அவன் என்ன பதில் சொன்னான் என்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் நாவலாசிரியன் என்ற உரிமையில் கேட்கவில்லை. கல்யாணம் குறித்த தேதியில்தான் நடந்தது.

கொழுப்பணுக்களைப் பற்றி 2008-ல் சுவீடனிலிருந்து ஒரு செய்தி வந்தது. வளர்ந்த மனிதர்களிடம் அந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு செத்துப் புதிதாகப் பிறக்கிறது. இளைத்தவர்களுக்கும் பை சுருங்குகிறதே தவிர, பைகளின் தொகை குறைவதில்லை. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். சாப்பாட்டு வேளையில் விஞ்ஞானம் பேசுவதில்லை என்று அந்த வீட்டில் இப்போது ஒரு விரதம்.

கல்யாணத்துக்கு முதல் வாரம் முகூர்த்த ரவிக்கையை வாங்கி வர அவளோடு தையற்கடைக்குப் போனேன். அளவு எடுத்தது பருத்திருந்தபோது. இரண்டு தடவை பிரித்து இறுக்கிப் பிடித்தாயிற்று. தையற்காரம்மாள் ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். வெட்டி எறியாமல் மடித்துத் தைத்த துணி இரண்டு பக்கமும் இருந்தது.

"உள்ளே ரெண்டு அங்குலம் விட்டிருக்கேன் பாப்பா. நாளைக்கு வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமாவுக்கும் இப்படியே ஒரு சட்டை தைச்சுக் குடுங்க" என்றாள்.